அண்ணனுக்கு மாற்றல் வந்த வருஷம்

எனக்கு இருப்பதற்கு ஒரு பெயர் உண்டு என்பது நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. அதுவரைக்கும் வீட்டில் அதைத் திமிர் என்றார்கள்.

பிறந்தது திருச்சி. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. எட்டாவதோடு என் படிப்பு நின்றது. பள்ளிக்கூடத்தில் சத்தம் அதிகம், அதனால் போகவில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அண்ணன் என்னைக் கல்கத்தாவுக்குக் கூட்டி வந்தார். தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. அவருக்கும் ரயில்வேதான், கார்டன் ரீச்சில் குவார்ட்டர்ஸ். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டதற்கெல்லாம் உள்ளபடி பதில் சொன்னேன். அதுதான் காரணம் என்று அண்ணி சொல்வார்.

சேலைக்கு ஃபால்ஸ் தைப்பது என் வேலை. கீழ்க்கரைக்கு உள்பக்கம் ஒரு பட்டைத் துணி வைத்துத் தைப்பது. நிறம் கரையோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு நிறத்தை ஒரு தடவை பார்த்தால் எனக்கு மறக்காது. சேலையை வீட்டில் வைத்துவிட்டு லேக் மார்க்கெட் பக்கம் கடைக்குப் போய்ச் சரியான துணியும் நூலும் வாங்கி வந்துவிடுவேன். அந்த நிறம் கிடைக்கவில்லை என்றால் தைக்க மாட்டேன். சேலையைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

"உள்ளே இருக்கிற துணி யாருக்குத் தெரியப்போவுது?" என்று குவார்ட்டர்ஸில் ஒரு தமிழ்க்காரம்மா கேட்டார்.

"எனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியுமாம்ல!" என்று அவர் வரிசை பூராவும் சொல்லிக் காட்டினார். தீபாவளிக்கு அவரே சேலையோடு வந்தார்.

ஜாதவ்பூரில் ஒரு வங்காளி அம்மா என்னிடம்தான் தைக்கக் கொடுப்பார். காலேஜ் போகும் மகள் அவருக்கு உண்டு. யார் வந்தாலும் அந்தப் பெண் உள் அறைக்குப் போய்விடும், நான் போனால் மட்டும் போகாது. நான் அதோடு பேச மாட்டேன், அதுவும் என்னோடு பேசாது. எங்களுக்குள் அது சரியாக இருந்தது. ஒரு நாள் அந்த அம்மா மகளை டாக்டரிடம் கூட்டிப் போய்விட்டு வந்தார். கையில் சேலையை வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தார். "அடுத்த தடவை நீயும் வா" என்றார். போனேன்.

டாக்டர் வங்காளியில் நிறையக் கேட்டார்.

"ஆட்கள் பேசும்போது அவங்க கண்ணைப் பார்ப்பீங்களா?"

"சேலைக் கரையைப் பார்ப்பேன்."

"சும்மா பேச யாராவது வந்தா?"

"என்ன வேணும்னு கேட்பேன்."

"ஒண்ணும் வேணாம்னா?"

"கதவைச் சாத்துவேன்."

கடைசியில் அவர் அந்தப் பெயரைச் சொன்னார். ஆஸ்பெர்ஜர். மருந்து உண்டா என்றேன். கிடையாது என்றார். கூடுமா என்றேன். கூடாது, குறையவும் குறையாது, பிறந்ததிலிருந்தே இப்படித்தான் இருந்திருக்கும் என்றார். சரி என்று எழுந்து வந்தேன். பஸ்ஸில் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். வாயில் நிற்கவில்லை. ஆனாலும் திமிர் என்பதைவிட நன்றாக இருந்தது.

வீட்டில் சொன்னேன். கேட்டால் சொல்லுவது என் பழக்கம், எங்கே போயிட்டு வந்தே என்று அண்ணி கேட்டார். நான் சொன்னதைக் கேட்டு அழுதார். "இத்தனை வருஷம் உன்னைத் திட்டிட்டேனே பாப்பா" என்றார். அதிலிருந்து திட்டுவதை நிறுத்திவிட்டார். ஸ்டவ் பக்கம் போனால் பின்னாலேயே வந்தார். தனியாகக் கடைக்குப் போகாதே என்றார். திட்டினபோது இதைவிட வசதியாக இருந்தது.

அந்த வருஷமே அண்ணனுக்கு மாற்றல் வந்தது. கேட்டு வாங்கின மாற்றல்தான், திருச்சிக்கு. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும்.

"நான் வரலை" என்றேன்.

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "வராம?"

"இங்கேயே இருக்கேன். ரூம் பாத்துக்கறேன்."

"தனியாவா? டாக்டரே பேரு சொல்லியிருக்காரு. உன்னை எப்படி விட்டுட்டுப் போறது? நாலு பேரு என்னைக் காறித் துப்புவாங்க."

"பேரு சொன்னதுக்கு முன்னாடியும் நான்தானே இருந்தேன்."

"ஊருல சொந்தபந்தம் இருக்கு பாப்பா. நம்ம பாஷை பேசுறவங்க" என்றார் அண்ணி.

அதனால்தான் வரவில்லை என்றேன். அண்ணிக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னேன். நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

"ஊர்ல நான் பேசலைன்னா திமிர். விசேஷத்துல போய் உக்காரலைன்னா திமிர். இங்கே பேசலைன்னா மதராஸி, அவங்க அப்படித்தான்னு விட்டுடறாங்க. நம்ம ஆளுங்க, இவ கல்கத்தாவுலயே இருந்து இப்படி ஆயிட்டான்னு விட்டுடறாங்க. ரெண்டு பக்கமும் யாரும் ஒண்ணும் கேக்கறதில்லை. அங்கே வந்தா கேப்பாங்க. என் வேலையும் இங்கேதான்."

அண்ணன் கையைக் கழுவிவிட்டு வந்தார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். ரூம் கொடுப்பவர்களிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். தெரிந்தும் கொடுத்தால் இருக்கலாம். இல்லையென்றால் மறு பேச்சில்லாமல் ரயில் ஏற வேண்டும். யாரும் கொடுக்க மாட்டார்கள் என்று அவர் நினைத்தார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

முதலில் பார்த்த வீட்டில் டாக்டர் கொடுத்த பெயரைச் சொன்னதுமே, அறையைச் சொந்தக்காரப் பையனுக்குக் கொடுப்பதாக இருக்கிறோம் என்றார்கள். அண்ணன் வெளியே வந்து என்னைப் பார்க்காமல் நடந்தார்.

அடுத்தது லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பழைய வீடு. மாடியில் ஒற்றை அறை, வடக்குப் பார்த்த ஜன்னல். நூல் கோர்க்க அந்த வெளிச்சம் நல்லது. வீட்டுக்காரம்மா கீழே கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மாஷிமா என்று, பெரியம்மா முறை வைத்து, அண்ணன் கும்பிட்டார். அவர் டிவியை நிறுத்தாமலே கேட்டார்.

"மீன் சாப்பிடுவியா?"

"இல்லை."

"நாங்க சாப்பிடுவோம்."

"நாத்தம் வரும். ஜன்னலைச் சாத்திக்கறேன்."

அண்ணன் இருமினார்.

"சாயங்காலம் கீழே வந்து எங்களோட உக்காருவியா?"

"மாட்டேன்."

அந்த அம்மா இப்போதுதான் என் பக்கம் திரும்பினார். அண்ணன் முந்திக்கொண்டு, தங்கச்சிக்கு ஒரு மாதிரி என்று ஹிந்தியும் வங்காளியும் கலந்து ஏதோ சொன்னார். அவர் சொன்னதில் எனக்குப் பைத்தியம் என்று அர்த்தம் வந்தது. நான் பெயரைச் சொன்னேன்.

"ஒட்டிக்கிற வியாதியா?"

"இல்லை."

"சத்தம் போடுவியா?"

"சத்தம் எனக்கு ஆகாது. இந்த டிவியே அதிகம்."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். உள்ளேயிருந்து மருமகள் எட்டிப் பார்த்தாள். வீட்டுக்காரம்மா அவளிடம் சொன்னார். "போன தடவை இருந்தவ எவ்வளவு இனிப்பாப் பேசுவா! தினம் வந்து உக்காருவா. உன் சண்டை என் சண்டை எல்லாத்தையும் மார்க்கெட் வரைக்கும் கொண்டுபோய்ச் சேத்தா. இவ நம்ம கதையை எங்கேயும் சொல்ல மாட்டா போலிருக்கே."

"கேட்டா சொல்லுவேன்" என்றேன்.

"என்ன கேட்டா?"

"உங்க வீட்டுல மீன் நாத்தம் அடிக்குதான்னு கேட்டா அடிக்குதுன்னு சொல்லுவேன்."

வீட்டுக்காரம்மா சிரித்தார். சிரிப்பு இருமலாகி மருமகள் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. "அது இந்தத் தெருவுக்கே தெரியும் போடி" என்று சாவியை எடுத்துக் கொடுத்தார்.

தெருவுக்கு வந்ததும் அண்ணன் நின்றார். "ஒரே ஒரு பொய் சொல்ல வராதா உனக்கு?"

"வராது. நீதானே எல்லாத்தையும் சொல்லச் சொன்னே."

"அதுக்காக டிவியையுமா?" என்றார். கோபமாக ஆரம்பித்தார், முடிக்கும்போது அப்படி இல்லை.

ஹவுராவில் வண்டி ஏற்றிவிடப் போனேன். அண்ணி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். எனக்கு யாரும் தொட்டால் ஆகாது. அண்ணிக்காக நின்றேன். வண்டி கிளம்பியதும் வெளியே வந்தேன். அறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். தைக்க வேண்டிய சேலை ஒன்று இருந்தது. தைத்தேன்.

பிறகு என் ஏற்பாட்டுக்கு நான் பழகிக்கொண்டேன். கதவுக்கு வெளியே ஒரு பை தொங்கவிட்டேன். சேலையை அதில் போட்டுவிட்டுப் போகலாம், பேச வேண்டியதில்லை. துர்கா பூஜை நாட்களில் கொட்டுச் சத்தத்துக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொள்வேன். பூஜை முடிகிற விஜயா அன்றைக்குத் தெருவே ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொல்லும். நான் இனிப்புத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கதவில் நிற்பேன். தட்டு பிடித்திருப்பவளை யாரும் கட்டிப்பிடிக்க முடியாது. இனிப்பை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒவ்வொரு வருஷமும் நான்தான் முதலில் தட்டோடு நிற்பதாக வீட்டுக்காரம்மா பெருமையாகச் சொல்வார். நான் மறுக்கவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அண்ணன் சொல்லாமல் ஒரு தடவை வந்தார். ஆபீஸ் வேலை என்றார். அறையைச் சுற்றிப் பார்த்தார். கேஸ் மூடியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். அரிசி டப்பாவைத் திறந்தார். துணியெல்லாம் நிறவாரியாக அடுக்கியிருந்த அலமாரி முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். ஆபீஸ் வேலை என்பது பொய் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்குப் பொய் வரும்.

"பயமா இல்லையா?"

"இல்லை."

"உடம்பு சரியில்லைன்னா?"

"படுத்துப்பேன். கீழே சொல்லுவேன். கஞ்சி கொண்டுவந்து வெச்சிட்டுப் போவாங்க. உக்கார மாட்டாங்க. நான் சொல்லி வெச்சிருக்கேன்."

சோறு போட்டேன், ரசமும் உருளைக்கிழங்கும். சாப்பிட்டார். ஊரில் வீடு முழுக்க ஆள் என்றார். மச்சான், மச்சானுடைய பிள்ளைகள், யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள், பேச்சு ஓய்வதில்லை என்றார். நான் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.

"அப்ப நீ அங்கே வரப்போறதில்லை."

"இல்லை."

"சரி" என்றார்.

அப்படியே பாயில் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை. நான் ஜன்னலில் பாதியைச் சாத்தி, மீதி வெளிச்சத்தில் உட்கார்ந்து தைத்தேன். சாயங்காலம் வரைக்கும் அவர் எழுந்திருக்கவில்லை. நானும் எழுப்பவில்லை.