காரணம்: சாமி விளக்கு

எங்கள் தெருவில் எது பற்றி எரிந்தாலும் காரணம் ஒன்றுதான், சாமி விளக்கு. தறி எரிந்தால் சாமி விளக்கு. ஃபிரிட்ஜ் வெடித்தால் சாமி விளக்கு. ஒரு தடவை ஏசி மாட்டியிருந்த மாடி அறை எரிந்தது. அங்கே சாமி படமே கிடையாது. அதற்கும் சாமி விளக்குதான். தீயணைப்பு வண்டி வரும், தண்ணீர் அடிப்பார்கள், அணைந்ததும் ஒருத்தர் கையில் பெரிய போன் மாதிரி டேப் ஒன்றை வைத்துக்கொண்டு "எப்படிப் பத்திக்கிச்சு?" என்று கேட்பார். தெருவே ஒரே குரலில் பதில் சொல்லும். பஜனையில்கூட நாங்கள் இப்படிச் சேர்ந்து பாடியதில்லை.

இதற்கு ஒரு காரணம் உண்டு. கைத்தறிக்காரர்களுக்குத் தறிக்கென்று அரசாங்கம் இலவச கரண்ட் தருகிறது. தறிக்கு மேலே ஒரு பல்பு, ஒரு ஃபேன், அவ்வளவுக்குத்தான். அந்த ஒயரிலேயே ஃபிரிட்ஜும் மிக்ஸியும், வசதிப்பட்டவர் வீட்டில் ஏசியும் வந்து ஒட்டிக்கொள்ளும். கரண்டால் தீ என்று எழுதினால் மின்சார ஆபீஸ்காரர் வருவார். ஒரு வீட்டைப் பார்க்க வந்தவர் தெருவையே பார்த்துவிட்டுத்தான் போவார். சாமி மேல் பழியைப் போட்டால் சாமி யாரையும் அனுப்பி மீட்டரைப் பார்ப்பதில்லை.

என் வீட்டில் பற்றிக்கொண்டபோது நானும் என் மனைவியும் பிரதோஷத்துக்கு ஏகாம்பரநாதர் கோயிலில் இருந்தோம். தெருக்காரர்கள் பூட்டை உடைத்து, வண்டியை வரவழைத்து, தீயை அணைத்த பிறகுதான் எங்களுக்குப் போன் பண்ணினார்கள். அபிஷேகம் நடக்கும்போது தொந்தரவு பண்ணக் கூடாதாம். அவ்வளவு பக்தி.

ஓடி வந்து பார்த்தால் தறியில் பாவு நூல் மொத்தமும் கருகிக் கிடந்தது. முந்தானை வரைக்கும் வந்திருந்த சேலை, கையில் எடுத்தால் உதிர்ந்தது. தறிக்குப் பக்கத்துச் சுவரில் சுவிட்ச் பெட்டி உருகி வழிந்திருந்தது. எதிர்ச் சுவரில் சாமி மாடம். அதில் காமாட்சி விளக்கு, காலையில் ஏற்றி எண்ணெய் தீர்ந்து அணைந்த தடத்தோடு, புகை படிந்தது தவிர ஒரு குறையும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது.

"நான் பாத்துக்கினேன்ணா," என்றார் எதிர்வீட்டு அம்மா. "வெளக்குதான்னு சொல்லி எழுத வச்சிட்டேன். நீ ஒண்ணும் கவலப்படாத."

நல்ல மனசு. நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது?

அன்று பொழுது சாய்ந்தும் என் மனைவி விளக்கேற்றவில்லை. அலுப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் ஏற்றவில்லை. விளக்கைத் துடைத்தாள், பொட்டு வைத்தாள், திரி போடாமல் மாடத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

"நாம கோயிலுக்குக் கெளம்பச்சொல்லோ வெளக்கு அணைஞ்சிச்சா இல்லியா, நான் பாக்கலியே," என்றாள்.

"அது காலையிலயே அணைஞ்சிருக்கும்மா. பெட்டி உருகிக் கெடக்குதே, பாத்தியா இல்லியா?"

"கவர்மெண்டுல எழுதிக்கிறாங்க. அவங்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?"

கல்யாணமாகி வந்ததிலிருந்து, தீட்டு நாள் போக, அவள் கை விளக்கேற்றாத சாயங்காலம் கிடையாது. நான் ஏற்றப் போனால் எழுந்து வாசலுக்குப் போய் நின்றாள். தறி போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். எரிந்த தறியை வேறு மரம் போட்டு நிறுத்திவிடலாம். இருட்டிய மாடத்துக்கு முன்னால் அவள் கைகூப்பி நிற்பதைத்தான் பார்க்க முடியவில்லை.

தீயணைப்பு நிலையத்துக்குப் போனேன். அதிகாரி தங்கமானவர், உட்காரவைத்து டீ வாங்கித் தந்தார். காரணத்தை மாற்றி எழுத வேண்டும் என்றதும், ஜாதகத்தை மாற்றி எழுதச் சொன்னமாதிரி என்னைப் பார்த்தார். பிறகு டேப்பைக் காட்டினார்.

"காரணம்னு தொட்டா வரிசையா வரும் பாருங்க ஐயா. மொதல்ல விளக்கு. அதைத் தொட்டா வேலை முடிஞ்சிது. கரண்டைத் தொட்டா எந்த சாமான், எந்த ஒயர், போட்டோ எங்கே, மின்சார ஆபீஸ் சான்று எங்கேன்னு கேட்டுக்கினே இருக்கும். அதுக்குள்ள அடுத்த போன் வந்துரும்."

"விளக்குக்கு எதுவும் கேக்காதா சார்?"

"கேக்காது. அப்படியே நம்பிக்கும்."

என்னைவிட பக்தியுள்ள கருவி.

"அதுவும் இல்லாம," என்றார், "உங்க தெரு மொத்தமும் விளக்குன்னு சொல்லிச்சு. நீங்களே கரண்டுதான்னு சொல்லி, ஒயர் எப்படி இருந்துச்சுன்னும் சொல்லுங்க, மாத்திடறேன். அப்புறம் மின்சார ஆபீஸ்காரங்க வருவாங்க, அது உங்க பாடு."

டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பி வந்துவிட்டேன்.

இதற்கிடையில் மேலிடத்தில் யாரோ எல்லாக் கணக்கையும் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் மக்களுக்குப் பெரிய ஆபத்து சாமி விளக்குதான் என்று தெரிந்துவிட்டது. உடனே எங்கள் தெருவுக்கே விழிப்புணர்வு முகாம் வந்தது. பிள்ளையார் கோயில் வாசலில் பந்தல். விளக்குப் படத்தின் மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்ட பேனர், பிள்ளையார் பார்க்கிறமாதிரி. மைக்குக்கு கரண்ட் எங்கிருந்து என்று பார்த்தேன். கம்பத்திலிருந்து கொக்கி போட்டு இழுத்திருந்தார்கள். காற்றடிக்கும்போதெல்லாம் அது பொறி விட்டது. அதன் கீழே நின்றுகொண்டு, எனக்கு டீ வாங்கித் தந்த அதே அதிகாரி, காலமெல்லாம் விளக்கேற்றிய பெண்களுக்கு விளக்கேற்றச் சொல்லிக்கொடுத்தார்.

"சார் வீட்ல யாரு ஏத்துவாங்க?" என்றார் ஒரு பெண்.

"எங்க வீட்டம்மா."

"அப்ப அவங்கள அனுப்பியிருக்கலாமே."

சிரிப்பு அடங்கியதும், இந்தத் தெருவில் யார் வீட்டில் விளக்கால் தீப்பிடித்தது என்று அதிகாரி கேட்டார். எதிர்வீட்டு அம்மா பெருமையாக என் மனைவியைக் கை காட்டினார். அவள் எழுந்து நின்றாள். பிள்ளையாரைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டு, "என் கவனக்கொறவுதான் சார்," என்றாள்.

அதற்கு மேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"வெளக்கு இல்ல சார்," என்றேன். "சுவிட்ச் பெட்டிதான் எரிஞ்சிது. தறி ஒயர்ல ஃபிரிட்ஜ மாட்டியிருந்தேன். எழுதிக்கோங்க."

எதிர்வீட்டு அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "அண்ணா, சாமியே கம்முனு இருக்குது. உனுக்கு இன்னா வந்திச்சு?"

"சாமி கம்முனு இருக்கிறதாலதாம்மா."

அதிகாரி டேப்பை எடுத்து, அது கேட்டதையெல்லாம் என்னிடம் கேட்க ஆரம்பித்தார். மைக்கை அணைக்க மறந்துவிட்டார். என்ன ஃபிரிட்ஜ், வேறென்ன ஓடுகிறது, ஒயரை இழுத்தது யார் என்று எல்லாக் கேள்வியும் தெரு முழுக்கக் கேட்டது. ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு மூன்று பேர் எழுந்து வீட்டைப் பார்க்கப் போனார்கள். கடைசியில் நானும் என் மனைவியும் பிள்ளையாரும்தான் மிச்சம்.

மின்சார ஆபீஸ்காரர் வந்தார். நினைத்தபடியே தெருவையே பார்த்தார். கூடுதல் ஒயர்களைக் கழற்றி முடிக்கும்வரை தெருவுக்கே கரண்டை நிறுத்தினார்கள். எங்கள் தெருவுக்கும் கரண்டால் ஒரு தீ கணக்கில் ஏறிவிட்டது. முன்னேற்றம்தான்.

"எங்க வீட்டு மாவு புளிச்சா உன் வாசல்லதான் கொண்டாந்து ஊத்துவேன்," என்று எதிர்வீட்டு அம்மா நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் என்னோடு பேச்சில்லை.

கரண்டை நிறுத்திய அன்று இருட்டத் தொடங்கியதும் என் மனைவி கேட்டாள். "மாத்தி எழுதிட்டாங்களா?"

"எழுதிட்டாங்க."

"வெளக்குன்னு இல்லியே?"

"இல்ல."

திரி போட்டாள், எண்ணெய் ஊற்றினாள், ஏற்றினாள். வெகுநேரம் கும்பிட்டாள். வாசலுக்கு வந்து பார்த்தேன். கரண்ட் இல்லாத தெருவில் வீட்டுக்கு வீடு விளக்குதான் எரிந்துகொண்டிருந்தது, எதிர்வீட்டிலும். எங்கேயும் எதுவும் பற்றிக்கொள்ளவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு யாரும் வரவுமில்லை.

இப்போது தினமும் ஏற்றுகிறாள். ஆனால் எங்கே கிளம்பினாலும் செருப்பு மாட்டிய பிறகு கழற்றிவிட்டு ஒரு தடவை உள்ளே போய், திரியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருகிறாள். நான் வாசலில் காத்திருக்கிறேன்.