பெல்லுக்கு வைத்த பொட்டு

போன வாரம் செவ்வாய்க்கிழமை என் தம்பி என் வீட்டு வாசலில் நாலு நிமிஷம் நின்றான். நான் கதவைத் திறக்கவில்லை.

'அடிப்பாவி' என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. முழுசாகக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

நாலு வருஷமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. உத்தமபாளையத்தில் அவன் வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று, என்னை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை என்று முறுக்கிக்கொண்டு அல்லிநகரத்துக்குப் பஸ் ஏறியவள் நான்தான். அப்படியும் அவன் மனைவியோடு, மகள் கல்யாணப் பத்திரிகையைத் தட்டில் வைத்து எடுத்து வந்திருக்கிறான்! நானோ பின்கட்டில் மிக்ஸியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். போன் சார்ஜரில்.

சாயங்காலம் போனை எடுத்தால்... வீடியோ பெல்லின் ஆப்பில் அவன் முகம். காலரைச் சரி செய்கிறான். பட்டனை அமுக்குகிறான். கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான். மறுபடி அமுக்குகிறான். மூன்றாவது தடவை சிரிப்பு இல்லை. திரும்பி நடக்கிறான்.

உடனே போன் போட்டேன்.

"கேமராவுல எங்களப் பாத்துட்டுத்தான தெறக்கல?" என்றான்.

"பெல்லே அடிக்கலடா!"

"பொய் சொல்லாதக்கா. டிங் டாங்னு எங்க காதாலயே கேட்டமே." வைத்துவிட்டான்.

இதில்தான் வில்லங்கம். பட்டனை அமுக்கினால் வாசலில் கேட்பது, அந்தக் கேமராவே போடும் சத்தம். வீட்டுக்குள் அடிப்பது ஹாலில் மாட்டியிருக்கும் வேறு பெட்டி. அது ஊமையானது எங்களுக்கே தெரியவில்லை. பால்காரர் கேட்டில் நின்று கூவுவார், கூரியர்காரர் போன் போடுவார் — பெல்லை யார் அமுக்குகிறார்கள்?

மறுநாள் பழனிசெட்டிபட்டியிலிருந்து எலக்ட்ரீஷியன் சாகுல் பாய் வந்தார். இவர் போட்ட ஒயரிங்தான் கோளாறு என்று நான் ஏற்கெனவே தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். அவர் நிதானமாக மீட்டர் வைத்துப் பார்த்தார். "பெல்லோட டிரான்ஸ்பார்மர்ல கரண்டு சரியா வருதும்மா. ஆப்புல செட்டிங்கும் சரிதான்." என்னை வாசலுக்குப் போய் அமுக்கச் சொன்னார். பெட்டிக்குள் 'ங்ங்...' என்று ஒரு முனகல். அவ்வளவுதான்.

மெயினை அணைத்து மூடியைக் கழற்றினார். உள்ளே விரல் நீளத்துக்கு ஓர் இரும்புக் கம்பி. அது துள்ளி இந்தத் தகட்டில் ஒன்று, அந்தத் தகட்டில் ஒன்று இடிக்க வேண்டும். துள்ள வழியில்லை. இடுக்கெல்லாம் மஞ்சளாக ஏதோ காய்ந்து கிடந்தது.

"என்னம்மா இது... சந்தனமா?"

என் வீட்டுக்காரர் மெதுவாக என்னைப் பார்த்தார். ஆயுத பூஜை! பைக், மிக்ஸி, டிவி என்று பொட்டு வைத்துக்கொண்டே வந்தவள், "மூடிக்கு வச்சா ஆச்சா? மெஷினு உள்ளல்ல இருக்கு, கழட்டுங்க" என்று அவரை ஸ்டூலில் ஏற்றினேன். கம்பிக்கே சந்தனத்தைக் குழைத்து அப்பியது சாட்சாத் நானேதான்.

பாய் சுரண்டப் போனார். "இருங்க, தொடாதீக!" என்று கத்தி, போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். "ஏலே, உங்கக்கா பொய்காரி இல்ல, கூமுட்டை. அன்னைக்குக் கோவிச்சுக்கிட்டு வந்ததும் என் தப்புதான். பத்திரிகைய எடுத்துக்கிட்டு வாடா." நாலு வருஷமாகத் தொண்டையில் நின்ற வார்த்தை, நாலு விநாடியில் வந்துவிட்டது.

கம்பி சுத்தமானது. டிங் டாங்! தம்பியிடமிருந்து மட்டும் பதில் இல்லை. இரண்டு நீல டிக், அதோடு சரி. அடுத்த மூன்று நாளும் நான் ஹாலை விட்டு நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை... டிங்! டாங் வருவதற்குள் திறந்துவிட்டேன். ஒரு கையில் தட்டு, மறு கை கதவைத் தட்டுவதற்கு ஓங்கியபடி தம்பி.

"எதுக்கும் இருக்கட்டும்னுதான்க்கா" என்றான். அழுதேன். உங்களிடம் மறைப்பானேன்?

இந்த நாலு வருஷத்தில் அவன் இன்னும் எத்தனை தடவை எப்படியெல்லாம் கூப்பிட்டானோ, எனக்குத்தான் கேட்கவில்லையோ, யார் கண்டது?

"மதினி, எடுத்துக்கங்க" என்று, பின்னாலேயே வந்த தம்பி மனைவி தட்டை வாங்கி நீட்டினாள். சந்தனம் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டேன். விரலில் கொஞ்சம் மிச்சம். எங்கே துடைக்கலாம் என்று நிமிர்ந்தால்...

பெல் பெட்டியை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு நிற்கிறார் என் வீட்டுக்காரர்!