நான் திருத்திய வயது

தொண்ணூறுகளில் நான் பதுளையில் ஒரு பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் நாங்கள் சிலர் சேர்ந்து, உடலாலோ அறிவாலோ இயலாத பிள்ளைகளுக்காக ஒரு சங்கம் நடத்தினோம். சங்கம் என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். கோயில் மண்டபத்துக்குப் பின்னால் ஓர் அறை, நாலு பாய், ஒரு மேசை, சம்பளத்துக்கு ஒரே ஒரு பயிற்சி ஆசிரியை. அவ்வளவுதான். ஓய்வுபெற்ற வைத்தியர் ஒருவர் தலைவர். நான் செயலாளர். அந்தப் பதவி என் சேவை மனப்பான்மைக்காகக் கிடைத்தது என்று சொன்னால் பொய். என் கையெழுத்து அழகாக இருந்தது.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. எதையும் கோடு போட்டு எழுதி, பிரதி எடுத்துக் கோப்பில் குத்தாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. வீட்டில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

எங்கள் அறைக்கு வந்ததெல்லாம் பதுளை ரவுனுக்குக் கிட்ட இருந்த பிள்ளைகள். தோட்டங்களிலிருந்து ஒருவரும் வரவில்லை. தாய்மார் விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், பெயர் கூப்பிட்டு வேலை பிரித்ததும் மலையேறிவிடுகிறார்கள், எங்கள் அறை ஒன்பது மணிக்குத் திறக்கிறது என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. பெற்றோருக்கு அக்கறை காணாது என்று கூட்டத்தில் பேசிவிட்டு, தேநீர் குடித்துக் கலைந்தோம்.

அப்போதுதான் கொழும்பிலிருந்து ஓர் அமைப்பு உதவ முன்வந்தது. சுற்றுவட்டாரத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகள் யார் யார் என்று முறையாகப் பட்டியல் எடுத்துக் கொடுத்தால், சொந்தக் கட்டடமே கட்டலாம் என்றார்கள். படியில்லாத வாசல், அகலமான கதவு, முன்னால் பெயர்ப்பலகை என்று நான் மனத்துக்குள் கட்டி முடித்து, சன்னல் சீலைக்கு நிறமும் பார்த்துவிட்டேன். சனிக்கிழமைகளில் படிவங்களைத் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினேன்.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில் அந்தச் சிறுமியைக் கண்டேன். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. தொட்டில்களுக்கு நடுவே ஒரு பழைய மெத்தையில் அவள் சுவரோடு சாய்ந்து கிடந்தாள். நடக்க மாட்டாள். வாய்ப்பேச்சு இல்லை. தவழுகிற குழந்தைகள் அவள் மேல் ஏறி இறங்கினார்கள். அவளோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா, பால் காய்ச்சியபடியே அவள் வாயைத் துடைத்துவிட்டாள்.

"வயசு எத்தினை?" என்று கேட்டேன்.

"நாலுங்க டீச்சர்."

பார்த்தாலே தெரிந்தது, நாலு இல்லை. ஐந்து வயதுக்கு மேல் பிள்ளைக் காம்பராவில் வைத்திருக்கக் கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். அது எனக்குத் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. மத்தியானம் தாய் வந்ததும் பிறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். ஒன்பது. ஆயா என் பக்கத்தில் வந்து, "நாலுன்னே போடுங்க டீச்சர். ஒவ்வொரு வருசமும் நாலுன்னுதான் போடுறேன்" என்று மெல்லச் சொன்னாள். பாவம், கணக்குத் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டு, பிறந்த ஆண்டை எப்படிக் கழிப்பது என்று அவளுக்கு ஒரு பாடமே எடுத்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். நான் ஒன்பது என்று மையால் எழுதினேன்.

எழுதியதோடு விட்டேனா? தோட்டத்துக்குள் வர அனுமதி தந்ததற்கு நன்றி சொல்லி, பட்டியலின் பிரதியொன்றைத் தோட்டக் காரியாலயத்துக்கும் தபாலில் அனுப்பினேன். மரியாதை தெரிந்தவள் அல்லவா.

இரண்டு மாதம் கழித்து, கொழும்பு உதவி உறுதியான சந்தோசத்தில் திரும்பவும் அங்கே போனேன். மெத்தை இருந்த இடம் வெறுமையாக இருந்தது. ஆயா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆபீசுல கூப்பிட்டு ஏசிட்டாங்க. நீங்க அனுப்புன கடுதாசிதாங்க. புள்ளைய அனுப்பிட்டேன்."

தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்கு இறங்கிப் போனேன். தாய் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உள்ளே இருட்டில் சிறுமி படுத்திருந்தாள், சிரிப்பில்லை. தாய் என்னை ஏசவில்லை, சாயத்தண்ணி ஊற்றித் தந்தாள். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. புருசன் இல்லாதவள். லயத்தில் பக்கத்துக் காம்பராக்காரி பார்த்துக்கொள்ளும் நாட்களில் மட்டும் வேலைக்குப் போகிறாள், மற்ற நாளெல்லாம் வீட்டில்.

"பெரட்டுல பேர் கூப்பிடுறப்ப நான் இல்லேன்னா பேர வெட்டிருவாங்க டீச்சர். பேர் போனா இந்தக் காம்பராவும் போயிரும். புள்ளையத் தூக்கிட்டு எங்க போவேன்?"

தேநீரைக் குடித்துவிட்டு நேரே தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் போனேன். சிங்களவர், நல்ல மனிதர்தான். தோட்டத்துத் தமிழ் சரளமாகப் பேசுவார். அவரும் என்னை உட்கார வைத்து மரியாதையாகவே பேசினார்.

"நான் புள்ளைக் காம்பராப் பக்கம் போறப்ப அந்தப் புள்ளையப் பாத்திருக்கேன் டீச்சர். பாக்காத மாதிரி வந்திருவேன். இப்ப நீங்க எழுதிக் குடுத்துட்டீங்க. எழுதுனத எப்படிப் பாக்காம இருக்கிறது?"

அந்த மலையில் ஆயா, துரை, தாய் மூன்று பேரும் வாய் திறந்து பேசாமலே ஒரு பிள்ளையை நாலு வருடமாகக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். நான் ஒரே நாளில், நல்லது செய்கிறேன் என்று வந்து, அதைக் கெடுத்தேன்.

என்ன செய்தால் அவளைத் திரும்ப எடுப்பீர்கள் என்று கேட்டேன். துரை கொஞ்சம் யோசித்தார். காம்பராவை ஒட்டிப் பழைய சாமான் அறையொன்று சும்மா கிடக்கிறது, உங்கள் சங்கம் ஆள் போட்டு, அந்த அறைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நாங்களே பொறுப்பு என்று எழுதித் தந்தால் திறந்துவிடுகிறேன் என்றார்.

ஆளுக்குச் சம்பளம் வேண்டுமே. கட்டடத்துக்கு வருகிற உதவியை இதற்குத் திருப்பலாமா என்று அடுத்த கூட்டத்தில் கேட்டேன். எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். கட்டடம் கட்டடம் என்று அவர்கள் காதைத் துளைத்தவளே நான்தானே.

"சொந்தக் கட்டடம் இல்லாத சங்கத்தை ஆர் மதிக்கப்போறினம்?" என்றார் தலைவர்.

"டொக்டர், அந்தப் பிள்ளையை வெளியில போட்டது துரை இல்லை. நான்தான் போட்டனான்" என்றேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. முப்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிற டீச்சர் அழுததைப் பார்த்தோ என்னவோ, அன்றைக்கே ஒத்துக்கொண்டார்கள். கொழும்புக்காரர்களையும் ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தோம். சாமான் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தோம். தோட்டத்துப் பெண்ணொருத்தியைப் பழக்கி அங்கே வைத்தோம். பயிற்சி ஆசிரியை வாரத்தில் இரண்டு நாள் பஸ் ஏறினாள். பின்னாளில் வேறு தோட்டங்களிலும் இப்படி அறைகள் திறந்தன. இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் சங்கத்தை நாலு பேருக்குத் தெரிந்ததென்றால், அது இந்த அறைகளால்தான். சொந்தக் கட்டடம் கடைசிவரை கட்டவில்லை.

முதல் அறை திறந்த அன்று நான் பெரட்டுக்கு முன்பே போய் வாசலில் நின்றேன். கொழும்பு அமைப்புக்குப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம் வேண்டும். பெயர், வயது, தாயின் கையெழுத்து. படிவத்தை அட்டையில் மாட்டி, பேனையும் திறந்து வைத்திருந்தேன். தாய் மகளை இடுப்பில் சுமந்துகொண்டு, மூச்சு வாங்க ஏறி வந்தாள். வாசற்படி வரை வந்தவள், என் கையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். இறக்கப் போன பிள்ளையை மறுபடி இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"அத உள்ள வச்சிருங்க டீச்சர். அப்புறம் எறக்குறேன்."

கோபமில்லை, கெஞ்சலும் இல்லை. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடத் தொடங்கியது இங்கேயே கேட்டது. அவள் அசையவில்லை. நான் பேனையை மூடி, அட்டையைப் பைக்குள் வைத்து, பையின் சிப்பையும் இழுத்து மூடினேன். பிறகுதான் அவள் குனிந்து மகளைப் பாயில் கிடத்தினாள். கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு களத்துப் பக்கமாக ஓடினாள்.

அதற்குப் பிறகு கொழும்புக்கு நாங்கள் அனுப்பிய எந்த அறிக்கையிலும் அந்தப் பிள்ளையின் பெயர் இல்லை.