மண்டபத்தில் படுக்க மாட்டோம்

சிங்கப்பூர் போவதென்று அம்மா முடிவு செய்தபோது தோட்டத்தில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஹோட்டலில் தங்கப்போகிறோம் என்றதும்தான் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம் எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். முப்பது வருடம் பால்மரம் சீவிய அம்மாவுக்கு வேலை குறைந்துபோனது. சும்மா உட்கார்ந்திருக்க அவருக்குத் தெரியாது. எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே இருந்த இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒருவர் பக்கத்து வீட்டு அத்தை. இன்னொருவர் முட்டிவலிக்காரப் பெரியம்மா. இருவருமே சொந்தமில்லை, ஆனாலும் நான் அப்படித்தான் கூப்பிடுவேன். ரவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்த எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதால் நான் துணை.

தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கிறவரும் கோயில் கமிட்டியில் இருந்தவருமான மண்டோர் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"நமக்கெல்லாம் ஹோட்டல் எதுக்கு? அங்க கோயில் மண்டபம் இருக்கு. பாய விரிச்சுப் படுத்துட்டு வாங்க. பொம்பளைங்க தனியா ஹோட்டல்ல தங்குனா கண்டபடி பேசுவாங்கல்ல."

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. "பேசட்டும். மண்டபத்துல படுக்கறதுக்கா பாஸ்போர்ட் எடுத்தோம்? தைப்பூசத்துக்கு எங்க போனாலும் மண்டபந்தான். இந்த ஒரு தடவ கட்டில்ல படுத்துப் பாக்கறோம்."

ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்கு வரும்போதெல்லாம் மூவரும் தங்கள் தேவைகளைச் சொன்னார்கள். பெரியம்மாவுக்குக் கழிவறையில் வாளித் தண்ணீரும் குவளையும் வேண்டும், காகிதம் ஆகாது. அத்தை வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் சாப்பிடுபவர், நடக்கிற தூரத்தில் சாப்பாட்டுக் கடை வேண்டும். அம்மாவுக்கு ஜன்னல். "தெருவு தெரியணும். அடைச்சுப்போட்ட ரூமு வேணாம்."

நான் அலுவலக மெஷினில் மூன்று ஹோட்டல்களுக்குக் கடிதம் அடித்தேன். வாளியைப் பற்றி மட்டும் எழுதவில்லை. ஆங்கிலக் கடிதத்தில் வாளி, குவளை என்று எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு ஹோட்டலிலிருந்து மட்டும் பதில் வந்தது. தடித்த காகிதம், மேலே பொன்னிற எழுத்து. இரண்டு அறைகள் ஒதுக்கியிருப்பதாக எழுதியிருந்தார்கள். அந்தக் காகிதத்தைப் பார்த்தே நான் மயங்கிவிட்டேன்.

கோலாலம்பூரில் ரயிலேறி மறுநாள் காலை சிங்கப்பூரில் இறங்கினோம். ஹோட்டல் கவுண்டரில் டை கட்டிய தமிழ் இளைஞன் இருந்தான். பெரியம்மாவின் பிரம்புக் கூடையை, அத்தையின் சாக்குப்பையை, பிறகு எங்கள் கால்களைப் பார்த்தான். அறை இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னான். கடிதத்தை எடுத்து நீட்டினேன். அதைத் தொடாமலே தமிழுக்கு மாறினான்.

"எல்லாம் முடிஞ்சிருச்சு அக்கா. ரெண்டு தெரு தள்ளிக் கோயில் இருக்கு. தோட்டத்துலேர்ந்து வர்றவங்க அங்கதான் தங்குவாங்க. இவங்களுக்கும் அதான் வசதி."

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு தம்பதி அறை கேட்டார்கள். அவர்களிடம் சாவியைக் கொடுத்தான். வெளியே போய்விடலாம் என்றுகூட எனக்குத் தோன்றியது.

"என்னா சொல்றான்?" என்று தள்ளி நின்ற அம்மா கேட்டார். மெதுவாகச் சொன்னேன். அம்மா நடுக்கூடத்து சோபாவில் போய் உட்கார்ந்தார். மற்ற இருவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"மேனேஜர வரச் சொல்லு. வர்ற வரைக்கும் இங்கதான் இருப்போம்" என்றார் அம்மா.

"இங்கெல்லாம் உக்காரக் கூடாதும்மா" என்று அவன் ஓடிவந்தான்.

"பின்ன எதுக்குய்யா நாக்காலி போட்டிருக்கீங்க?" என்றார் அத்தை. பெரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு முட்டியைத் தேய்த்துக்கொண்டார்.

அரை மணி நேரம் கழித்துச் சீன மேனேஜர் வந்தார். நான் நின்றபடியே பேசினேன். கடிதத்தை அவரிடம் நீட்டினேன். அவர் கடிதத்தைப் படித்தார், கவுண்டரைப் பார்த்தார், இரண்டு சாவிகளை எடுத்துக்கொடுக்கச் சொன்னார்.

லிப்டில் மேலே போனோம். அறை பின்பக்கம். திறக்க முடியாத ஜன்னல், அதற்கு எதிரே வெறும் சுவர். தரைவிரிப்பில் ஈர வாடை. கழிவறையில் காகிதச் சுருள்தான் இருந்தது. குளிக்கும் தொட்டியின் விளிம்பைத் தாண்டப் பெரியம்மாவால் காலைத் தூக்க முடியவில்லை. அம்மா மெத்தையை அமுக்கிப் பார்த்தார், ஜன்னலருகே போய் நின்றார், திரும்பி வந்தார்.

"வேணாம்."

எனக்குக் கோபம் வந்தது. "இவ்ளோ சண்ட போட்டு வாங்கிட்டு இப்ப வேணாங்கறீங்க?"

"இல்லன்னு சொன்னான். இருக்குன்னு சொல்ல வச்சாச்சு. தங்கறதா இல்லையான்னு நாமதான சொல்லணும்? எனக்குப் புடிக்கல."

கீழே வந்து சாவிகளைக் கவுண்டரில் வைத்தேன். இளைஞன் நிமிர்ந்து பார்த்தான். "ரூம் சரியில்ல" என்றேன், தமிழில், கூடத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி.

வெயிலில் கூடையும் பையுமாக நடந்தோம். போன இடத்திலெல்லாம் முதலில் அறையைக் காட்டச் சொன்னார் அம்மா. வாளி இருக்கிறதா என்று நான் ஆங்கிலத்தில் சத்தமாகவே கேட்டேன். முதலில் பார்த்த இடத்தை அத்தை வேண்டாமென்றார். அடுத்தது ஒரு சீன அம்மாள் நடத்திய சிறிய ஹோட்டல். அங்கே என் ஆங்கிலத்துக்கு வேலையே இல்லை. அம்மாவும் அவரும் மலாயில் பேசிக்கொண்டார்கள். அந்த அம்மாள் குழாயைத் திறந்துவிட்டுக் காட்டினார், வாளியைத் தூக்கிக் காட்டினார். ஜன்னலைத் தள்ளியதும் தெருவின் மொத்த இரைச்சலும் உள்ளே வந்தது. கீழே கறிக் குழம்பின் வாசனை. ஒரு மாடி ஏறவேண்டும். "ஏறிக்கலாம்" என்றார் பெரியம்மா, யாரும் கேட்கும் முன்பே.

அன்று எதையும் சுற்றிப் பார்க்கவில்லை. சாப்பிட்டு வந்ததும் மூவரும் பட்டப்பகலில் கதவைத் தாழிட்டுக்கொண்டு, காற்றாடியை முழு வேகத்தில் விட்டுப் படுத்தார்கள். ஐந்து மணிக்கு நான் கதவைத் தட்டி, இருட்டுவதற்குள் கடற்கரைக்காவது போகலாம் என்றேன்.

"என்னாத்துக்கு எழுப்புற?" என்றார் அம்மா உள்ளிருந்தபடியே. "வேலைக்கா போவணும்?"

கதவு திறக்கவில்லை.