பால் போல வெளுத்த கல்யாணச் சுருள்

எண்பதுகளில் கள்ளக்குறிச்சியில் குடியிருந்தபோது, கறுப்பு வெள்ளைப் படச்சுருளை வீட்டுக் குளியலறையில் நானே கழுவுவேன். ஒரு மாசி மாதம், கச்சிராயபாளையத்தில் நண்பர் கோவிந்தனின் தங்கை கல்யாணத்தைப் படம் எடுத்தேன். வேறு யாரும் அங்கே படம் எடுக்கவில்லை. மாப்பிள்ளையோ மறுவாரமே பட்டாளத்துக்குத் திரும்பிவிட்டார்.

சுருளை டெவலப்பரில் கழுவி, படம் நிலைப்பதற்காக ஹைப்போ கரைசலில் ஊறவைத்து, வெளிச்சம் புகாத அந்தக் கழுவும் டப்பாவைத் திறந்தேன். சுருள் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் வெளுத்திருந்தது. படமெல்லாம் அழிந்துவிட்டதென்றே நினைத்தேன்.

வாசலில் காத்திருந்த கோவிந்தன் எட்டிப் பார்த்தார். "இன்னாபா இது, ஒர்த்தர் மூஞ்சியும் தெர்ல? மாப்ளய பாக்கணும்னா என் தங்கச்சி இனிமே எங்க போவும்?"

பிறகுதான் உறைத்தது. தை மாதக் கல்யாணச் சுருள்களுக்கெல்லாம் அதே ஹைப்போவைத்தான் சிக்கனமாகத் திரும்பத் திரும்ப ஊற்றியிருந்தேன். சுருளின் வெண்பூச்சைக் கரைக்கும் வீரியம் அதற்குப் போயிருந்தது.

அவசரமாகப் புதிதாகக் கலக்கி ஊற்றினேன். வெளுப்பு மெல்லக் கரைந்து, உருவங்கள் தெளிந்தன. எனக்கு மூச்சு வந்தது.

கோவிந்தன் சுருளை வெளிச்சத்தில் பிடித்தார். "யோவ், மாப்ள மீச வெள்ளையா கீது!"

"நெகட்டிவ்ல அப்படித்தான். பிரிண்ட்ல கறுப்பாயிடும்."

"அப்பாடா! கெழவனுக்குக் கட்டிக் குட்த்துட்டமோன்னு பயந்துட்டேன்."

இப்போதெல்லாம் சுருளின் படமில்லாத நுனியை நறுக்கி முதலில் ஹைப்போவில் போடுகிறேன். அந்தத் துண்டு சீக்கிரமே கண்ணாடிபோல் தெளிந்தால்தான் அடுத்தவர் கல்யாணத்தில் கை வைப்பேன்.