ருக்கையா டீச்சர் சொல்லாமல் விட்டது

ருக்கையா டீச்சரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல, நம்மவர்கள் பிழைக்கப் போன அந்த வளைகுடா அப்பாசியாவில் ஆளுக்கா பஞ்சம்? அவளிடம் எல்கேஜி படித்த பிள்ளைகளின் தாய்மார்களே முந்நூறு பேருக்கு மேல் தேறுவார்கள். அந்த நல்லதையெல்லாம் அவர்களே சொல்லட்டும். இங்கே சொல்லப்போவது அவளுடைய வயிற்றெரிச்சலை. அதுவும் ஊர் மேலோ உலகத்தின் மேலோ இல்லை, ஒரே ஒருத்தி மேல்.

அந்த ஒருத்தி தாரிணி. நாமக்கல்காரி. ருக்கையா வேலை பார்க்கும் அதே இந்தியப் பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அடுத்து என்ன படிக்கலாம், என்ன வேலைக்குப் போகலாம் என்று வழி சொல்கிற கவுன்சிலர். வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. ருக்கையாவுக்கோ இது பதின்மூன்றாவது வருஷம். இதில் பெரிய கொடுமை, இரண்டு குடும்பமும் ஒரே ஃப்ளாட். ஆளுக்கொரு பெட்ரூம், ஹால் பொது, கிச்சன் பொது; அப்பாசியாவில் பாதிப் பேர் அப்படித்தான் குடியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பார்த்து எரிந்தது போதாதென்று வீட்டுக்கு வந்து அடுப்படியிலும் பார்த்து எரிய வேண்டும்.

எரிவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. எல்கேஜி டீச்சர் என்றால் ஸ்டாஃப் ரூமில் என்ன மரியாதை என்று கேட்டுப் பாருங்கள். மூக்குத் துடைத்துவிடுகிறவள், ஷூ லேஸ் கட்டிவிடுகிறவள், அவ்வளவுதான். ருக்கையாவுக்கு உட்கார ஒரு நாற்காலி கிடையாது; பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து உட்கார்ந்தே முட்டி போய்விட்டது. தாரிணிக்குத் தனி அறை, கதவில் பெயர்ப் பலகை, சுழலுகிற நாற்காலி. பிரின்சிபால் காரிடாரில் ருக்கையாவைப் பார்த்தால் தலையை ஆட்டுவார். தாரிணியைப் பார்த்தால் நின்று பேசுவார்.

"நேத்து வந்தவ, அவளை என்னமோ தலையில தூக்கி வச்சிக்கிட்டு ஆடுறாங்க" என்று ருக்கையா தன் புருஷன் சாதிக் பாட்ஷாவிடம் புலம்புவாள். அவருக்குப் பக்கத்து ஃபர்வானியாவில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை. வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் இந்தப் பாட்டு ஆரம்பித்துவிடும்.

"உனக்கென்னமா கொறச்சல்? அந்தப் புள்ளை உன்னை அக்கா அக்கான்னு காலைச் சுத்திக்கிட்டு வருது" என்பார்.

"அதுதாங்க எரியுது!" என்பாள் ருக்கையா. உண்மையும் அதுதான். திமிர் பிடித்தவளாக இருந்தால் திட்டித் தீர்த்துவிடலாம். நல்லவளாக வேறு இருந்து தொலைக்கிறாளே!

தாரிணியின் மேல் எரிந்தாலும் அவள் பெற்ற மகள் மேல் ருக்கையாவுக்கு உயிர். ஆதிரைக்கு மூன்றரை வயது. காலையில் ஃப்ளாட் கட்டடத்தின் கீழ்த்தளத்து பேபி சிட்டிங்கில் விடுவார்கள். எல்கேஜி சீக்கிரம் விட்டுவிடும் என்பதால் ஒன்றரை மணிக்கே ருக்கையா வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு மேலே போய்விடுவாள். தாரிணி வர நாலரை ஆகும். அந்த மூன்று மணி நேரமும் பிள்ளை வாய் ஓயாது. "பெரிம்மா, இந்த மீனுக்கு ஏன் கண்ணு மூடல? பெரிம்மா, லிஃப்டு தூங்குமா?" ருக்கையாவின் ஒரே மகன் உஸைர் திருச்சியில் இன்ஜினியரிங் படிக்கிறான், போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டான். வீட்டுக்குள் பேச்சுச் சத்தம் என்பதே ஆதிரையால்தான்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் ஸ்டாஃப் குரூப்பில் மெசேஜ் வந்தது. 'எல்கேஜி முதல் வேலை வரை' என்று ஒரு திட்டமாம். பிள்ளைகள் சேருவதிலிருந்து வேலைக்குப் போகிற வரைக்கும் எங்கே சறுக்குகிறார்கள் என்று பார்த்துச் சரி செய்யப்போகிறார்களாம். அதற்கு ஏழு பேர் கமிட்டி. தலைமை, தாரிணி. ஏழு பேர்ப் பட்டியலை ருக்கையா மூன்று தடவை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். எல்கேஜியிலிருந்து ஒருத்தி பேரும் இல்லை. சூப்பர்வைசர் பேர் இருந்தது. அந்தம்மா எல்கேஜி வகுப்புக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து எத்தனை வருஷம் ஆச்சோ!

பேரிலேயே எல்கேஜி இருக்கிறது, ஆளில் இல்லை. அன்றைக்கு அவள் வைத்த குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது.

அவளுக்கு அந்த இடம் கிடைத்திருந்தால் சொல்வதற்கு ஒன்று இருந்தது என்பதுதான் விஷயமே. ருக்கையாவுக்கு ஒரு வழக்கம். எல்கேஜியில் முதல் வாரம் அவள் பாடமே நடத்தமாட்டாள். பாயில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டே ஒவ்வொரு பிள்ளையையும் பேசவிடுவாள். தமிழோ மலையாளமோ இந்தியோ, எந்தப் பாஷையானாலும் சரி. எந்தப் பிள்ளை கதையாகச் சொல்கிறது, எது ஒற்றை வார்த்தையோடு நிறுத்துகிறது, எது வாயே திறக்கவில்லை என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்வாள். பதின்மூன்று வருஷம், பதின்மூன்று நோட்டு. வாயே திறக்காத பிள்ளைகளின் வீட்டில் பெரும்பாலும் ஒரே கதைதான். அட்மிஷன் இன்டர்வியூவில் இங்கிலீஷ் கேட்பார்களே என்ற பயத்தில் அம்மாக்காரி தன் பாஷையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த நாற்பது இங்கிலீஷ் வார்த்தையிலேயே பிள்ளையை வளர்த்திருப்பாள். கம், சிட், ஈட், நோ, ஃபினிஷ். அப்பாவுக்கு டியூட்டி. பேச ஆளில்லை. நாற்பது வார்த்தையில் வளர்ந்த பிள்ளைக்கு நாற்பத்தோராவது வார்த்தை எங்கேயிருந்து வரும்?

இது ருக்கையாவுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதில்லை.

தாரிணி கேட்டாள்.

ஒரு சாயங்காலம் ருக்கையா சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது தாரிணி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கிச்சனுக்கே வந்துவிட்டாள். "அக்கா, ஒண்ணு கேக்கோணுங்க. லெவன்த் பசங்களைக் கூப்பிட்டு உனக்கு என்ன புடிக்கும்னு கேட்டா ஒத்தை வார்த்தைல பதில் சொல்றாங்க. கோர்வையா நாலு வாக்கியம் வரமாட்டேங்குது. காலேஜ் இன்டர்வியூல எல்லாம் அங்கதான் அடிபடுறாங்க." நாலைந்து பேரின் பெயரையும் சொன்னாள்.

ருக்கையாவின் கை மாவிலேயே நின்றுவிட்டது. அத்தனையும் அவளுடைய முதல் வருஷத்துப் பிள்ளைகள். முதல் நோட்டில் 'வாய் திறக்கவில்லை' என்று அவள் எழுதிவைத்த பெயர்கள்.

"அதனால கமிட்டியில என்ன நினைக்கிறோம்னா, வீட்டுல பேரன்ட்ஸ் இங்கிலீஷ் மட்டும்தான் பேசோணும்னு சர்க்குலர் விடலாம்னு. சின்ன வயசுல இருந்தே பழகிட்டா சரியாயிருமில்லீங்க? எனக்கு என்னமோ ஒரு சந்தேகம். நீங்கதான் அந்த வயசுப் புள்ளைங்களோடயே இருக்கறவங்க. சரியா வருமாக்கா?"

இவ்வளவு நேரம் வாசலில் நின்ற வாய்ப்பு, காலைக் கழுவிக்கொண்டு உள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. 'பைத்தியமா உனக்கு, இருக்கிறதையும் கெடுத்துடாதே' என்று ஒரு வரி சொன்னால் போதும். நோட்டை எடுத்துக் காட்டினால் முடிந்தது. ஆனால் ருக்கையாவின் மனசு என்ன சொன்னது தெரியுமா? சொல்லு, சொல்லு, நீ சொல்லுவே, அவ அதைப் படமா போட்டுக் காட்டிக் கைதட்டு வாங்குவா, நீ மறுபடியும் பாயில போய் உக்காரு. சொல்லாம விட்டுப் பாரேன். மேடையில ஏறி உளறி மாட்டிக்கட்டும். அப்ப தெரியும் யாரைக் கமிட்டியில போட்டிருக்கணும்னு.

"நல்ல யோசனைதான் தாரிணி. விடச் சொல்லு" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

தாரிணி மாட்டிக்கொள்ளவில்லை. அதுதான் அநியாயம். பேரன்ட்ஸ் மீட்டிங்கில் பட்டுப் புடவை கட்டி, மைக்கைப் பிடித்து, ஒரு தடங்கல் இல்லாமல் பேசினாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ருக்கையா, யாராவது ஒருத்தர் எழுந்து எதிர்க்கேள்வி கேட்கமாட்டாரா என்று கழுத்து வலிக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ம்ஹூம். எல்லாரும் கைதட்டினார்கள். 'வீட்டில் ஆங்கிலம் மட்டும்' என்று உறுதிமொழித் தாளில் பெற்றோர் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து தாரிணியுடையது. அடுத்த ஏப்ரலில் ஆதிரை எல்கேஜி சேரவேண்டுமே.

அன்றைக்கே வீட்டுக்கு வந்து சொன்னாள். "அக்கா, நாமளே ஃபாலோ பண்ணலைன்னா எப்படிங்க? நீங்களும் பாப்பாகிட்ட இங்கிலீஷே பேசிருங்க."

நல்ல யோசனை என்று சொன்ன வாய், இப்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்லும்?

மறுநாள் ஒன்றரை மணிக்கு ஆதிரை வழக்கம்போல ஆரம்பித்தாள். ருக்கையா "டாக் இன் இங்லீஷ், பேபி" என்றாள். தன் குரலே தனக்கு அருவருப்பாக இருந்தது. பிள்ளை அவளை ஒரு மாதிரி பார்த்தது. இரண்டு வாரத்தில் கேள்விகள் குறைந்தன. ஒரு மாதத்தில் வேண்டியதை விரலால் காட்ட ஆரம்பித்தது. வாட்டர். நோ. தட். இதற்குமேல் இல்லை. தாரிணிக்கும் பயம்தான். ஆனால் ஊருக்கெல்லாம் சர்க்குலர் விட்டுவிட்டு எப்படி விடுவது? "பழகற வரைக்கும் இப்படித்தான் இருக்கும், இல்லீங்கக்கா?" என்று கேட்டாள். ருக்கையா பாத்திரம் கழுவும் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்துவிட்டாள். பாவி!

ஒரு வெள்ளிக்கிழமை காலை, வார விடுமுறை. தாரிணியின் புருஷன் பாலகுரு சைட் டியூட்டிக்குப் போய்விட்டான். ஹாலில் ஆதிரை முகம் சிவக்க அழுதுகொண்டு நின்றாள். "வேர் இஸ் பெயின், பாப்பா? டெல் அம்மா" என்று தாரிணி தவிக்கிறாள். பிள்ளை தலையைத் தலையை ஆட்டுகிறதே தவிர வாயைத் திறக்கவில்லை. ருக்கையாவால் தாங்கவில்லை. முட்டி வலியையும் பார்க்காமல் தரையில் மண்டியிட்டு, "எங்கம்மா வலிக்குது? பெரிம்மாகிட்ட சொல்லு கண்ணு" என்றாள்.

ஆதிரை உடனே பதில் சொல்லவில்லை. தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். தமிழில் சொல்லலாமா என்று அனுமதி கேட்கிற பார்வை. நாலு வயதுகூட ஆகாத பிள்ளை, வலியைச் சொல்லவும் பயப்படுகிறது.

"சொல்லுடா தங்கம்" என்று தாரிணி உடைந்துபோனாள். அதற்கப்புறம்தான் வந்தது: "காதுக்குள்ள குத்துது."

கிளினிக்குக்குப் போய்ச் சொட்டு மருந்து வாங்கி வந்து பிள்ளையைத் தூங்கவைத்த பிறகு, ருக்கையா அலமாரியிலிருந்து முதல் நோட்டை எடுத்துவந்து தாரிணியின் மடியில் வைத்தாள். "இப்படி ஆகும்னு எனக்குத் தெரியும்மா. நீ கேட்ட அன்னைக்கே தெரியும். நீ மேடையில அசிங்கப்படணும்னுதான் சொல்லலை. உன் மேல அவ்வளவு பொறாமை எனக்கு."

தாரிணி நோட்டைப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில்தான் நிறுத்தினாள்.

"நான் ஸ்கூலுக்காக மட்டும் கேக்கலீங்களேக்கா," என்றாள் கடைசியில். "என் புள்ளைக்காகவும்தானே கேட்டேன்."



தாரிணி பெரிய மனுஷிதான். விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த ஞாயிற்றுக்கிழமையே கமிட்டியைக் கூட்டி, ருக்கையாவை வரவழைத்து, நோட்டுகளை மேஜையில் அடுக்கினாள். இத்தனை வருஷமாகத் தெரிந்ததையெல்லாம் ருக்கையா ஒன்று விடாமல் சொன்னாள். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே, டீச்சர்?" என்று பிரின்சிபால் கேட்டார். ருக்கையா தாரிணியைப் பார்த்தாள். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லியிருக்கணும், சார். சொல்லாதது என் தப்பு" என்றாள் ருக்கையா. பழைய சர்க்குலர் ரத்தானது. வீட்டில் தாய்மொழியில் தாராளமாகப் பேசுங்கள், கதை சொல்லுங்கள் என்று புதியது போனது. கீழே ருக்கையாவின் பெயர். எல்கேஜி முதல் வாரத்துக்குப் பாடம் கிடையாது என்று எல்லாப் பிரிவுக்கும் உத்தரவு. கமிட்டியில் எட்டாவது நாற்காலி போட்டார்கள்.

திங்கட்கிழமை ஒன்றரை மணிக்கு ருக்கையா பேபி சிட்டிங் வாசலில் போய் நின்றாள். அங்கே பார்த்துக்கொள்ளும் பானுப்பிரியா சங்கடமாகச் சிரித்தாள். "இனிமே நாலரை வரைக்கும் இங்கயே இருக்கட்டும், நானே வந்து கூட்டிக்கறேன்னு தாரிணி மேடம் சொல்லிட்டாங்க டீச்சர்."

ருக்கையா தனியாக மேலே ஏறி வந்தாள். நாலரைக்குத் தாய் மகள் இருவரும் வந்தார்கள். "வந்துட்டீங்களாக்கா" என்று மரியாதையாக ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, தாரிணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஆதிரையின் குரல் கேட்டது. முதலில் தயங்கித் தயங்கி, அப்புறம் மடை திறந்த மாதிரி. பேபி சிட்டிங்கில் யாரோ கடித்தது, எறும்பு பிஸ்கட் தின்றது, எல்லாம் தமிழில். "அப்புறம்?" என்று தாரிணி கேட்கிறாள், பிள்ளை சொல்கிறது.

ருக்கையா கிச்சனில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சுழலும் நாற்காலி, பெயர்ப் பலகை, மைக், எதுவும் அவளுக்கு இப்போது வேண்டியிருக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அந்தப் பேச்சைக் கேட்கக் கொடுத்துவைத்தவளை நினைத்துத்தான் வயிறு எரிந்தது.