ரெண்டு தடவை ஆட்டிய தாழ்ப்பாள்

அவளைத் தெரியாதவர்கள் அந்தச் சாலையில் கிடையாது. ஆனால் 'ரெண்டு தடவை' என்று சொன்னால்தான் தெரியும். கேட்டைச் சாத்திக் கொக்கி மாட்டிவிட்டுப் பத்தடி நடந்துபோவாள், திரும்பி வந்து கொக்கியை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்ப்பாள். தண்ணீர்க் குழாயை மூடினாலும் அப்படித்தான், அடுப்பை அணைத்தாலும் அப்படித்தான். இந்தப் பழக்கம் எங்கிருந்து தொற்றியது என்று அவளுக்கே தெரியாது. முதலில் அப்படிப் பெயர் வைத்தவன் கொழுந்தன். அவன் வாயில் விழுந்த பெயர் தபால்காரர் வரைக்கும் போய்விட்டது.

அவளுக்கும் அவள் கணவனுக்கும் சாலையை ஒட்டிச் சில ஏக்கர் நிலம் இருந்தது. பாதி புல் நிலம், பாதி குதிரைகள் மேயும் வேலியடைத்த மைதானம். நகரத்துக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை ஏறிச் சுற்றுவதற்காக வாங்கிய குதிரைகளை மீதி நாளெல்லாம் வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் தொழில். காலையில் எழுந்ததும் லாயத்தில் லத்தி அள்ள வேண்டும், தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் கொட்ட வேண்டும், தொட்டியைக் கழுவித் தண்ணீர் நிரப்ப வேண்டும், ஒவ்வொரு குளம்பாகத் தூக்கி உள்ளே சிக்கிய கல்லையும் சேற்றையும் நோண்டி எடுக்க வேண்டும். குதிரை வளர்ப்பது என்றால் பிடரி பறக்கச் சவாரி போவது என்று நினைப்பவர்களிடம் அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். மண்வெட்டியைக் கையில் கொடுத்துவிடுவாள்.

சொந்தம் என்று இருந்தவை மூன்று. சீமாட்டி என்ற பெண் குதிரை, அது போட்ட குட்டி, அப்புறம் பெரியவர் என்று எல்லோரும் கூப்பிடும் கிழட்டுக் குதிரை. பெரியவருக்கு ஒரு கண் கிடையாது. முன்பு இருந்த இடத்தில் யாரோ தாழ்ப்பாளைச் சரியாகப் போடாமல் விட்டு, சாலைக்கு வந்து வண்டியில் அடிபட்டதாம். இங்கே வந்த புதிதில் கதவு ஆடினாலே நடுங்கும். அவள் வந்து தாழ்ப்பாளை ஒரு தரம் ஆட்டுவாள், தண்ணீர்த் தொட்டி வரை போய்விட்டு வந்து இன்னொரு தரம் ஆட்டுவாள். அந்த இரண்டாவது சத்தம் கேட்ட பிறகுதான் பெரியவர் ராத்திரித் தீனியில் வாயை வைப்பார். காலையிலும் அதே கதை. இரண்டு தரம் ஆட்டிவிட்டுத் திறந்தால் வெளியே வருவார். இல்லையென்றால் நாலு பேர் இழுத்தாலும் அசைய மாட்டார்.

"உன்னோட கிறுக்கைக் குதிரைக்கும் ஒட்ட வெச்சுட்டியே!" என்று கணவன் தலையில் அடித்துக்கொள்வான்.

நல்ல மனுஷன்தான். உழைப்புக்கு அஞ்சாதவன், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. ஆனால் எதிலும் அவசரம். சாப்பாட்டை விழுங்குவான், மெல்ல மாட்டான். அந்த வருஷம் புல் அறுத்துக் காயப்போட்டிருந்தபோது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அண்ணனும் தம்பியுமாக விழுந்தடித்துக் கட்டுக் கட்டி, லாயத்தை ஒட்டிய கொட்டகையில் கூரை முட்ட அடுக்கிவிட்டார்கள்.

"உள்ளே ஈரம் இல்லையே?" என்று அவள் கேட்டாள்.

"காஞ்சு சருகா இருக்கு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். கொழுந்தன் சிரித்தான். கணவனுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "ஒரு தடவையாவது என்னை நம்பேன்! கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் சாத்துன கதவை நீ ஆட்டிப் பார்க்காத நாள் உண்டா?"

அவன் குரலில் இருந்தது கோபம் மட்டுமில்லை. அது அவளுக்குத் தைத்தது. கட்டுகளுக்குள் கையை விட்டுப் பார்க்க வேண்டும் என்று உள்ளங்கை அரித்தது. விட்டுவிட்டாள்.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு காலை லத்தி அள்ளிக்கொண்டிருந்தவளுக்கு ஒரு வாசனை வந்தது. சர்க்கரையைத் தீய விட்டது போல இனிப்பாக, அதற்கடியில் சுருட்டு நாற்றம். அடுப்படிக்கு ஓடினாள். அடுப்பு அணைந்திருந்தது. திரும்பி வந்தாள். கொட்டகைப் பக்கம் போகப் போக வாசனை கூடியது.

"புதுப் புல்லு, அப்படித்தான் மணக்கும்," என்றான் கணவன், வேலிக்குக் கம்பி இழுத்தபடியே.

"அண்ணிக்கு மூக்கும் ரெண்டு தடவை வேலை செய்யுது," என்றான் கொழுந்தன்.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடப்பாரையை எடுத்து வந்து, அடுக்கின் நடுவில் இரண்டு கட்டுகளுக்கு இடையே கொடுத்து, உடம்பு பாரம் முழுவதையும் போட்டு உள்ளே தள்ளினாள். அப்படியே விட்டுவிட்டு நின்றாள். அந்தக் கொஞ்ச நேரத்தில், இது என் பயமாக மட்டும் இருக்கட்டும், எல்லோரும் நாள் பூராவும் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டாள். பிறகு உருவினாள். நுனியைத் தொட்ட விரல் வெடுக்கென்று திரும்பி வந்தது.

கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போய்க் கணவன் முன்னால் நீட்டினாள். அவன் தொட்டான். முகத்தில் ஈயாடவில்லை.

"ஐயோ" என்றவன் கொட்டகையை நோக்கிப் பாய்ந்தான். "டேய், வாடா, புல்லுக்கட்டு எல்லாத்தையும் வெளிய இழுத்துப் போடுவோம்!"

"தொடாதீங்க!" அவள் குறுக்கே போய் நின்றாள். "ஈரப் புல்லு தானாச் சூடேறி உள்ளுக்குள்ள கனிஞ்சு கிடக்கு. பிரிச்சா காத்துப் போய்ப் பத்திக்கும். மொதல்ல குதிரைங்க வெளிய போகட்டும். நான் தீயணைப்புக்குப் போன் பண்றேன்."

"போன் வேணாம்! நாலு பேர் சிரிக்கவா? ரெண்டு வாளித் தண்ணில முடிஞ்சிரும்."

"சிரிக்கட்டும்," என்று அவள் போனை எடுத்துவிட்டாள்.

நகரத்துக்காரர்களின் குதிரைகளைக் கணவன் ஓட்டிக்கொண்டு போனான். சீமாட்டி நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. அவள் யோசிக்காமல் குட்டியை மார்போடு அணைத்து முன்னால் தள்ளிக்கொண்டு போனாள். தாய் கனைத்தபடி பின்னாலேயே வந்தது. லாயத்துக்கு எவ்வளவு தூரத்தில் விட முடியுமோ அவ்வளவு தூரத்தில் விட்டு, கேட்டைச் சாத்த வேண்டும். நெருப்பைக் கண்டு மிரண்ட குதிரை தனக்குப் பழகிய இடத்துக்குத்தான் ஓடும். அது எரிந்துகொண்டிருந்தாலும் ஓடும். அதனால் கடைசி மைதானத்தின் கேட்டுச் சங்கிலியைச் சுற்றி மாட்டினாள், ஆட்டினாள், மறுபடி ஆட்டினாள்.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். கொட்டகையிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது.

கொழுந்தனால் சும்மா நிற்க முடியவில்லை. அண்ணி அந்தப் பக்கம் போனதும் ஒரே ஒரு புல்லுக்கட்டை இழுத்துப் பார்த்திருக்கிறான். இழுத்த இடத்தில் கருகிய பொந்து ஒன்று வாயைத் திறந்தது. காற்று உள்ளே போனது. அவன் பின்னால் சாய்ந்து விழுவதற்குள் நெருப்பு கூரையைத் தொட்டுவிட்டது.

அவள் ஓடினாள். பெரியவரின் அறை கொட்டகைச் சுவரை ஒட்டியது. கடைசியாகக் கூட்டிவரலாம் என்று விட்டிருந்த பெரியவர் இன்னும் உள்ளே. முற்றத்துக்கு வந்தபோது கொழுந்தன் கைகளை விரித்துக்கொண்டு வழியில் நின்றான். "அண்ணி, போகாதீங்க! அண்ணன் உள்ள போயிருக்காரு!"

லாயத்து வாசலில் புகை திரைபோலத் தொங்கியது. உள்ளே கணவனின் குரல். கெஞ்சினான், திட்டினான், மறுபடி கெஞ்சினான். "வாடா சாமி... வந்துர்றா... ஏய், வாடா!" குளம்புகள் தரையில் உரசும் சத்தம் மட்டும் வந்தது. பெரியவர் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறார் என்பது பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. குதிரை போனால் போகட்டும், அந்த மனுஷன் வெளியே வந்தால் போதும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகப் பெரியவரை நினைத்து அழுகையும் வந்தது.

"விட்டுட்டு வாங்க!" என்று கத்தினாள். "வாங்கன்னா!"

பெரியவரின் அறைக் கதவு அறைந்து சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"கதவை ஏண்ணே மூடுறே!" என்று அலறினான் கொழுந்தன். "குதிரை உள்ள இருக்குண்ணே!"

தாழ்ப்பாள் ஆடியது. கடகட.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கொழுந்தன் உள்ளே ஓடப் பார்த்தான். அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து நிறுத்தினாள். "சும்மா இரு! சத்தம் போடாதே!"

ஒன்றும் கேட்கவில்லை. கூரை ஓடு ஒன்று வெடித்து விழுந்தது. எதிலும் பொறுமை இல்லாத மனுஷன், தன் தலைக்கு மேலே நெருப்பு வர, அந்தப் புகைக்குள் சும்மா நின்றான். தண்ணீர்த் தொட்டி வரை அவள் போய் வரும் நேரம் முழுக்க நின்றான். தினமும் கேலி செய்துகொண்டே அதை எவ்வளவு சரியாகக் கவனித்து வைத்திருக்கிறான் என்று அவள் வியந்தாள். இன்னும் எவ்வளவு நேரம் என்று பல்லைக் கடித்தாள்.

கடகட.

கதவு திறந்தது. புகையைக் கிழித்துக்கொண்டு பெரியவர் பாய்ந்து வந்தார். கண்ணை மறைத்து அவன் சட்டை கட்டியிருந்தது. கயிற்றைப் பிடித்தபடி அவனும் இழுபட்டு வந்து முற்றத்தில் குப்புற விழுந்தான். விழுந்தவன் கயிற்றை மட்டும் விடவில்லை.

தீயணைப்பு வண்டி வந்தபோது கொட்டகை சாம்பல். லாயத்தின் அந்த மூலைக் கூரை இறங்கிவிட்டது, மற்றதெல்லாம் தப்பியது. வந்தவர்களில் மூத்தவர் சாம்பலைக் கிளறிப் பார்த்துவிட்டு, "யாரும்மா இதை மொதல்ல கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். கொழுந்தன் வாயைத் திறந்தான். அந்தப் பட்டப்பெயர் நாக்கு நுனி வரை வந்திருக்க வேண்டும். "எங்க அண்ணி" என்றான்.

சாயங்காலம் குதிரைகள் எல்லாம் கடைசி மைதானத்தில் வெட்ட வெளியில் நின்றன. அவளும் கணவனும் தண்ணீர் சுமந்து வைத்துவிட்டு வெளியே வந்தார்கள். கயிறு உரசித் தோலுரிந்த அவன் வலது கையில் துணி சுற்றியிருந்தது. இடது கையால் சங்கிலியை மாட்டினான்.

"ஒரு தடவை நம்புன்னு சொன்னேன்," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"நம்புனேனே. அதனாலதான் இவ்வளவும்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டு அவளோடு நடந்தான். கொஞ்ச தூரம் வந்ததும் நின்றான். "இரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்ச் சங்கிலியைப் பிடித்து ஆட்டினான். அந்தச் சத்தத்துக்காகவே காத்திருந்தவர் போல, பெரியவர் தலையைக் குனிந்து புல்லைக் கடித்தார்.

அவன் திரும்பி வரும்வரை அவள் நின்றிருந்தாள். உள்ளங்கை வழக்கம்போல அரித்தது. அந்தக் கையால் அவன் காயம்படாத கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். கேட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை.